பைத்தான் பொதிகள் நிறுவப்படாமைக்குக் காரணங்களும் அவற்றை ஆராயும் முறையும்

பைத்தான் என்னும் நிரல்மொழி 1991-ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவரால் வெளியிடப்பட்டது. இன்று அது இந்நாட்டின் மேல்நிலைப் பள்ளிப் பாடத்திலும், மழையளவு, மண்வளம், நிலப்படம் முதலிய கள விவரங்களை ஆராயும் அலுவலகங்களிலும் ஒருங்கே பயன்பட்டு வருகிறது. மொழியைக் கணிப்பொறியில் நிறுவுதல் பெரும்பாலும் எளிது. இடர் தோன்றுவது அதற்கு அடுத்த படியில்தான். எண் அட்டவணைகளைக் கையாளப் பாண்டாஸ், வரைபடம் வரைய மேட்பிளாட்லிப், செயற்கைக்கோள் படங்களைப் படிக்க ராஸ்டீரியோ என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொதிகள் உள்ளன. பேக்கேஜ் என்று வழக்கில் கூறப்படும் இப்பொதிகளைக் கொணர்ந்து உரிய இடத்தில் வைக்கும் பணியைப் பிப் என்னும் கருவி செய்கிறது. அப்பணி இடையில் முறியுமாயின் திரையில் ஐம்பது அறுபது வரிகள் விரைந்தோடிச் சிவப்பு எழுத்துக்களுடன் நின்றுவிடுகின்றன.

அந்நிலையில் பலரும் செய்வன இரண்டு. ஒன்று, அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுதல். மற்றொன்று, எங்கோ கேள்வியுற்ற பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தல். பின்னது முன்னதினும் தீங்கானது. ஒவ்வொரு பரிகாரமும் கணிப்பொறியில் ஏதேனும் ஒரு மாறுதலைச் செய்துவிடுவதால், ஐந்தாவது முயற்சிக்குப் பின் முதற்கண் இருந்த கோளாறு யாதென்பதே மறைந்துபோகிறது. இரண்டு பாடவேளைகள் வீணாகி, ‘இப்பாடம் எனக்கு வாராது’ என்று மாணவன் தன்னையே நொந்துகொள்வதும், வட்டாரத்திலிருந்து அனுப்ப வேண்டிய கணக்கு ஒரு வாரம் தாமதிப்பதும் இவ்வாறே நேர்கின்றன. மாணவன்பால் குற்றம் யாதுமில்லை. நோய் இன்னதெனக் காணும் முன்பே மருந்து கொடுக்கப்பட்டது என்பதே குறை.

இக்கட்டுரையில் கட்டளைகளும் பொதிகளின் பெயர்களும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ரோமன் எழுத்திலேயே இட வேண்டும்.

பிப் செய்யும் பணியின் படிகள்

பொதி ஒன்றின் பெயர் கூறப்பட்டதும், பிப் முதலில் பைபை எனப்படும் பொதுக் களஞ்சியத்தை அணுகி அப்பெயரைத் தேடுகிறது. இக்களஞ்சியம் 2003-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. பெயர் கிடைத்தபின், அங்குள்ள பல பதிப்புகளுள்ளும் கோப்புகளுள்ளும் இக்கணிப்பொறிக்குப் பொருந்துவது எது எனத் தெரிந்தெடுக்கிறது. மூன்றாவதாக அக்கோப்பைக் கொணர்கிறது. கொணர்ந்த கோப்பு ஆயத்த நிலையில் இல்லாது மூலநிரலாக இருப்பின் அதனைக் கட்டி முடிக்கிறது. இறுதியில் அது எந்தப் பைத்தானைச் சேர்ந்ததோ அதன் கிடங்கில் கொண்டுபோய் வைக்கிறது.

இவ்வைந்தனுள் எப்படியில் பணி நின்றது என்பதைக் கண்டறிவதே முதல் வேலையாகும். ஏனெனில் தேடும் படியில் நின்றதற்குரிய பரிகாரம், கட்டும் படியில் நின்றதற்கு ஒருசிறிதும் பயன்படாது. இணைய இணைப்புப் பழுதுபட்டிருக்கும் கணிப்பொறியில் கம்பைலரை நிறுவுவதனால் யாது பயன்?

கடைசி வரி எப்பொழுதும் காரணத்தைச் சொல்வதில்லை

‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபௌண்ட்’, அதாவது ‘பொருந்தும் வெளியீடு எதுவும் கிடைக்கவில்லை’ என்னும் செய்தியே மிகுதியாகக் காணப்படுவது. இதனை நேர்ப்பொருளில் கொண்டு, அப்பெயருடைய பொதியே உலகில் இல்லை என்று முடிவு கட்டுவோர் உளர். உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கு காரணங்களுக்கும் பிப் இந்த ஒரே வரியைத்தான் அச்சிடுகிறது. பெயர் தவறாயிருக்கலாம், கேட்ட பதிப்பு இல்லாதிருக்கலாம், பொதி இருந்தும் இந்தப் பைத்தானுக்கு ஏற்ற கோப்பு இல்லாதிருக்கலாம், அன்றிக் களஞ்சியத்தை அணுகவே இயலாமற்போயிருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறியும் குறிப்பு அதற்கு முந்திய வரியிலேயே உள்ளது. அவ்வரியில், அடைப்புக்குறிக்குள், களஞ்சியத்தில் காணப்பட்ட பதிப்புகளின் பட்டியல் தரப்படும். பட்டியலில் எண்கள் இருக்குமாயின் பெயரும் சரி, இணைப்பும் சரி. கேட்ட பதிப்பு எண்ணே பிழை. பட்டியலுக்குப் பதிலாக ‘நன்’, அதாவது ‘ஏதுமில்லை’ என்றிருந்து, அதற்கு மேலே ‘ரீட்ரையிங்’ என்று தொடங்கும் மஞ்சள் நிற எச்சரிக்கைகள் சில வரிகளில் காணப்பட்டால் கோளாறு இணைப்பில் உள்ளது. ‘நன்’ என்றிருந்தும் எச்சரிக்கை ஏதும் இல்லையெனில், பெயரையோ பைத்தானின் பதிப்பையோ ஐயுற வேண்டும். வேறு பைத்தான் பதிப்பு வேண்டுவதால் சில வெளியீடுகள் ஒதுக்கப்பட்டன என்று புதிய பிப் தனிவரியில் அறிவிப்பதுமுண்டு. ஆதலின் திரையில் ஓடிய வரிகளை மேலே தள்ளி முதலிலிருந்து படித்தல் இன்றியமையாதது. கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பி உதவி கோருபவருக்கு, எத்துணை வல்லுநராலும் ஊகத்தின்மேல்தான் விடை கூற முடியும்.

கோப்பின் பெயரே சான்று

பொருந்தும் கோப்பு என்பதன் பொருளை அறிய, வீல் எனப்படும் ஆயத்தக் கோப்பின் பெயரைப் படிக்கத் தெரிந்திருத்தல் நலம். 2012-இல் வகுக்கப்பட்ட இம்முறையில், பொதியைக் கட்டும் வேலை முன்னரே முடிந்துவிடுகிறது. பயன்படுத்துவோர் அதனை விரித்து வைத்தாற் போதும். கோப்பின் பெயரில் சிறு கோடுகளால் பிரிக்கப்பட்ட பகுதிகள் உள்ளன. நம்பை பொதியின் ஒரு வீல் ‘நம்பை - 2.1.0 - சிபி312 - சிபி312 - வின்_ஏஎம்டி64’ என்று பெயர் பெறும். முதற்பகுதி பொதியின் பெயர், அடுத்தது பதிப்பு. சிபி312 என்பது பைத்தான் 3.12-க்கு உரியது என்பதைக் குறிக்கும். கடைப்பகுதி 64 பிட் விண்டோஸ் கணிப்பொறியைக் குறிக்கும். லினக்ஸ் கணிப்பொறிக்குரிய கோப்பாயின் அவ்விடத்தில் ‘மெனிலினக்ஸ்’ என்ற சொல் வரும். முழுவதும் பைத்தானிலேயே எழுதப்பட்ட பொதிகளில் ‘நன் - எனி’ என்று முடியும்; இவை எங்கும் பொருந்துவன, தொல்லை தருவது அரிது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மிகப் புதிய பைத்தான் எப்பொழுதும் சிறந்ததன்று. பைத்தான் 3.12 அக்டோபர் 2023-இல் வெளிவந்தது; அதற்கேற்ற டென்சர்ஃப்ளோ 2.16 மார்ச் 2024-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து மாதங்களிலும், புதிய பைத்தானை ஆவலோடு நிறுவிக்கொண்டவர்கள் மேற்கூறிய ‘பொருந்தும் வெளியீடு இல்லை’ என்ற செய்தியையே கண்டனர். ஓராண்டு பழைய பைத்தானை வைத்திருந்தவர்களுக்கு எவ்விதத் தடையும் இல்லை. வகுப்புக்கோ அலுவலகத்திற்கோ பைத்தானைத் தெரிந்தெடுக்கும்போது, அண்மையில் வந்ததற்கு முந்திய பதிப்பைக் கொள்ளுதல் பாதுகாப்பானது.

பழமையும் மறுபுறம் தடையாகிறது. விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறிகளில் பைத்தான் 3.8-க்கு மேற்பட்டது ஏறாது, அந்த 3.8-க்கும் அக்டோபர் 2024-உடன் பராமரிப்பு முடிவுற்றது. பாண்டாஸ் 2.0 வரிசையே அதற்குக் கிடைக்கும் கடைசி வரிசை. ஆயினும் பள்ளிப் பாடத்திற்கு அது தாராளமாகப் போதும். 32 பிட் பைத்தானின் நிலை இதனினும் இடுக்கமானது. டென்சர்ஃப்ளோ போன்ற பொதிகளுக்கு 32 பிட் விண்டோஸ் கோப்பே வெளியிடப்படுவதில்லை. கணிப்பொறி 64 பிட் ஆக இருந்தும் அதில் தவறுதலாக 32 பிட் பைத்தான் நிறுவப்பட்டிருப்பது அரிதன்று. பைத்தானைத் திறந்தவுடன் தோன்றும் முதல் வரியிலேயே பதிப்பும் பிட் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். ‘பைத்தான் -எம் பிப் டீபக் --வெர்போஸ்’ என்ற கட்டளையோ, அக்கணிப்பொறி ஏற்கக்கூடிய வீல் பெயர்க்குறிகள் அனைத்தையும் வரிசையாகக் காட்டும்.

கட்டும் படியில் முறிவு

ஏற்ற வீல் இல்லாது மூலநிரல் மட்டும் இருக்குமாயின், பிப் அதனைக் கொணர்ந்து கட்ட முற்படும். பல பொதிகளின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால் கம்பைலர் தேவைப்படுகிறது. விண்டோஸில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும்’ என்றும், லினக்ஸில் ‘பைத்தான்.ஹெச்’ என்ற கோப்பு இல்லை என்றும் வரும் செய்திகள் இப்படிக்கு உரியவை. இப்பிழை ஒரு துணைச் செயலில் எழுந்தது, பெரும்பாலும் பிப்பின் குற்றமன்று என்று பிப் தானே குறிப்பெழுதி வைக்கிறது. அக்குறிப்பைக் கவனியாது பிப்பையே நீக்கி மீண்டும் நிறுவுவோர் பலர்.

கம்பைலரின் செய்திகளுள் முதலில் வரும் பிழை வரியே முக்கியமானது. அடுத்து வரும் நூறு பிழைகளும் அதன் விளைவாக எழுவன. எனினும் கம்பைலரை நிறுவ முனையும் முன், வேறோர் வினா எழுப்பப்பட வேண்டும்: இப்பொதிக்கு வீல் ஏன் கிடைக்கவில்லை? விடை பெரும்பாலும், பைத்தான் மிகப் புதியது அல்லது கேட்ட பொதியின் பதிப்பு மிகப் பழையது என்பதாகவே இருக்கும். அவ்வாறாயின் பதிப்பை மாற்றுவதே குறுக்கு வழி. ‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்னும் செய்தியும் இவ்வினத்தது. பொதிகளைக் கட்டப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வந்த அப்பகுதி, பைத்தான் 3.12-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ‘--ஒன்லி-பைனரி :ஆல்:’ என்பதைக் கட்டளையுடன் சேர்த்தால், பிப் மூலநிரலைத் தொடாது. நீண்ட குழப்பத்திற்குப் பதிலாக ஒரே வரியில் நிலைமையைக் கூறிவிடும்.

நிலப்படத் தொழிலில் ஈடுபட்டோர் ஜிடால் பொதியினிடத்துப் படும் தொல்லை தனி. பைபை களஞ்சியத்தில் அதற்கு மூலநிரலே உள்ளது. ஜிடால் நூலகம் கணிப்பொறியில் முன்னரே இருத்தல் வேண்டும். அதன் பதிப்பும் பொதியின் பதிப்பும் ஒத்திருத்தலும் வேண்டும். கிராமங்களின் எல்லைக் கோடுகளையோ செயற்கைக்கோள் படங்களையோ படித்தல் மட்டுமே நோக்கமாயின், ஜிடாலைத் தன்னுள் அடக்கி ஆயத்த வீலாகக் கிடைக்கும் ராஸ்டீரியோ, ஃபியோனா ஆகிய பொதிகளை நாடலாம். ஜிடாலே தேவையெனில் கொண்டா என்னும் வேறு நிறுவுமுறை அதற்கு ஏற்றது. அது சி நூலகங்களையும் பைத்தான் பொதியையும் ஒருசேரக் கொணர்கிறது.

இணைப்பும் கடிகாரமும்

அலுவலகங்களில் இணையம் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைக் கணிப்பொறி வழியாக வருவதுண்டு. உலாவியில் பக்கங்கள் திறக்கின்றன, பிப் மட்டும் இயங்கவில்லை என்றால் இதனை முதலில் ஐயுறலாம். ‘--ப்ராக்ஸி’ என்ற குறியுடன் அதன் முகவரியைக் கொடுத்தல் வேண்டும். மெதுவான இணைப்பில் பெரிய கோப்பு பாதியில் நிற்குமாயின் ‘--டைம்அவுட் 100’ என்று காத்திருக்கும் நொடிகளை உயர்த்தலாம்.

‘சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்’, அதாவது சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை என்ற செய்தி வந்தவுடன் பலர் சரிபார்ப்பையே நீக்கிவிடும் ‘--டிரஸ்டெட்-ஹோஸ்ட்’ குறியைச் சேர்க்கின்றனர். வாயிற் காவலரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறிகளின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். அந்தக் கடிகாரத்தின்படி, களஞ்சியத்தின் சான்றிதழ் இனிமேல்தான் வழங்கப்பட வேண்டியது. எனவே பிப் அதனை ஏற்க மறுக்கிறது. மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும்.

நிறுவப்பட்டும் காணப்படாமை

‘வெற்றியுடன் நிறுவப்பட்டது’ என்று பிப் கூறுகிறது. நிரலை ஓட்டினால் ‘மாட்யூல் நாட் ஃபௌண்ட்’, அதாவது அப்பகுதி இல்லை என்று பைத்தான் கூறுகிறது. இரண்டும் உண்மையே பேசுகின்றன. ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருந்து, பிப் ஒன்றிற்கு வைத்ததை மற்றொன்று தேடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ‘பிப் -வி’ என்ற கட்டளை, அந்தப் பிப் எந்தப் பைத்தானைச் சேர்ந்தது, எக்கோப்புறையில் உள்ளது என்பதைக் காட்டும். ‘பிப் இன்ஸ்டால்’ என்று தனித்துக் கூறாமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று கூறினால், நிரலை ஓட்டும் அதே பைத்தானுக்கே பொதி சேரும். வகுப்பில் முதல்நாளிலேயே இப்பழக்கத்தை உண்டாக்கினால் இவ்வகை முறையீடுகள் வெகுவாகக் குறையும்.

மாணவர்களிடையே மற்றொரு காரணமும் உண்டு. பாண்டாஸ் பாடம் நடக்கும் நாளில் தம் நிரற்கோப்புக்கே ‘பாண்டாஸ்.பிஒய்’ என்று பெயர் சூட்டிச் சேமித்துவிடுகின்றனர். பைத்தான் முதலில் அக்கோப்புறையிலேயே தேடுவதால், மெய்யான பொதியை விட்டு மாணவனின் கோப்பையே எடுத்துக்கொள்கிறது. கோப்பின் பெயரை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும்.

நிறுவும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் வேறுபடுவதும் உண்டு. நிரலில் ‘சிவி2’ என அழைக்கப்படுவது ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்ற பெயரில் நிறுவப்பட வேண்டியது. ‘பிஐஎல்’ என்பதன் பொதி ‘பில்லோ’. ‘எஸ்கேலெர்ன்’ என்பதன் பொதி ‘சைகிட்-லெர்ன்’. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12-ஆம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடத்தில், பைத்தானை மைசீக்வெல் தரவுத்தளத்துடன் இணைக்கும் பகுதி ஒன்றுண்டு. அதற்குரிய பொதி ‘மைசீக்வெல்-கனெக்டர்-பைத்தான்’. ‘மைசீக்வெல்-கனெக்டர்’ என்று நிறுத்திவிட்டாலும் ஒரு பொதி நிறுவப்படும். நிரலில் அழைப்பதும் பிழையின்றி நடக்கும். ஆனால் அது நெடுநாள் கைவிடப்பட்ட பழம்பொதி. 2018-இல் வெளிவந்த மைசீக்வெல் 8.0 புதிய கடவுச்சொல் முறையை இயல்பாக மேற்கொண்டது. பழம்பொதி அதனை அறியாது. எனவே இணைக்கும் வரியில் ‘கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்ட்’ என்னும் முறை ஏற்கப்படவில்லை என்ற பிழை தோன்றுகிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதனால் இது தீராது. இரு பொதிகளும் ஒரே கோப்புறையைப் பயன்படுத்துவன. ஆதலின் இரண்டையும் ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டுச் சரியானதை மட்டும் மீண்டும் நிறுவ வேண்டும்.

பெயரில் கவனம் வேண்டுவதற்கு வேறொரு காரணமும் உளது. பைபை களஞ்சியத்தில் எவரும் பொதியை இடலாம். 2019 டிசம்பரில் கண்டுபிடித்து நீக்கப்பட்ட பொதி ஒன்று, ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற நற்பொதியின் பெயரில் ஒரு ‘எல்’ எழுத்துக்குப் பதிலாக, கண்ணுக்கு அதுபோலவே தோன்றும் பெரிய ‘ஐ’ எழுத்தைப் பெய்து உருவாக்கப்பட்டது. அது பயன்படுத்துவோரின் மறைவுச் சாவிகளைக் களவாடியது. கிடைக்காத பெயருக்கு ஊகமாக ஓரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது ஆபத்தான விளையாட்டு. அப்பொதியின் உரிய ஆவணத்தில் உள்ள பெயரையே எடுத்து இட வேண்டும்.

இயங்குதளத்தின் மறுப்பு

ஜூன் 2023-இல் வெளியான டெபியன் 12 முதல், லினக்ஸ் கணிப்பொறிகளில் ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மெண்ட்’ என்ற செய்தியுடன் பிப் நின்றுவிடக் காணலாம். சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலால், புதிய பதிப்புகளில் இதனை எதிர்பார்க்கலாம். இது பழுதன்று, காப்பு. இயங்குதளத்தின் கருவிகள் சில அதே பைத்தானைக் கொண்டு இயங்குவன. அதன் கிடங்கில் பிப் வேறு பதிப்புகளைத் திணித்தால் அவை செயலிழக்கக்கூடும். இம்மறுப்பை மீறும் குறிக்கு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’, அதாவது ‘இயங்குதளப் பொதிகளை உடை’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். ‘சூடோ’ அதிகாரத்துடன் அதனை இடுதல் கூடாது.

உரிய வழி தனிச்சூழல் ஒன்றை அமைத்தலாகும். ‘பைத்தான்3 -எம் வென்வ் பாடம்’ என்று கூறினால் ‘பாடம்’ என்னும் கோப்புறையில் தனிக்கிடங்கு ஒன்று உண்டாகும். டெபியனில் இதற்குப் ‘பைத்தான்3-வென்வ்’ என்ற இயங்குதளப் பொதி முன்னரே இருத்தல் வேண்டும். அச்சூழலுக்குள் எது கெட்டாலும் கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், கணிப்பொறிக்கு ஊறில்லை.

இணையமில்லா இடங்களில்

இணையமற்ற கள நிலையங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் பிப்பிலேயே வழியுண்டு. இணையமுள்ள ஒரு கணிப்பொறியில் ‘பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -டி பொதிகள் பாண்டாஸ்’ என்று இட்டால், பாண்டாஸும் அது சார்ந்துள்ள பிற பொதிகளும் ‘பொதிகள்’ என்னும் கோப்புறையில் சேரும். அதனைப் பென் டிரைவில் கொண்டுசென்று, ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பொதிகள் பாண்டாஸ்’ என்று இட வேண்டும். ஒருமுறை இறக்கியதே ஆய்வுக்கூடத்தின் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் உதவும். இரு கணிப்பொறிகளிலும் இயங்குதளம், பைத்தான் பதிப்பு, பிட் அளவு ஆகிய மூன்றும் ஒன்றாயிருத்தல் வேண்டும். லினக்ஸில் இறக்கிய வீல் விண்டோஸில் ஏறாது. அவை வேறுபடுமாயின், இறக்கும் கட்டளையிலேயே ‘--பிளாட்ஃபார்ம் வின்_ஏஎம்டி64’, ‘--பைத்தான்-வெர்ஷன் 3.12’ என்றவாறு சேரிடத்தின் இயல்பைக் குறித்து, முன்னர்க் கூறிய ‘--ஒன்லி-பைனரி’ குறியையும் சேர்க்க வேண்டும். அதே பென் டிரைவில் அந்தப் பைத்தான் பதிப்பின் நிறுவுகோப்பையும் சேர்த்து வைத்தல் நலம். சென்றடைந்த கணிப்பொறியில் வேறு பதிப்பு இருக்கக் கண்டு வெறுங்கையுடன் திரும்ப நேராது.